இருபத்து நான்காவது துண்டு

நேற்றுப் பிற்பகல், அப்பத் தட்டும் ரசக் கிண்ணமும் வைக்கும் திருவிருந்துப் பெட்டியைத் திறந்தேன். படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோக ஒரு கைப்பெட்டி வேண்டும் என்று இப்போதைய போதகர் கேட்டிருந்தார். நாளைக் காலையில் வாங்கிக்கொள்ள வருவார். துடைத்துக் கொடுப்போம் என்று பீரோவின் மேல்தட்டிலிருந்து இறக்கினேன். மூடியைத் தூக்கியதும் ஏல வாசம் வந்தது. போடியில் ஏல வாசம் ஓர் அதிசயமா என்று கேட்பாய். இது காயின் வாசம் இல்லை. மலையில் செடிகளுக்கு நடுவே நடக்கும்போது தோளில் உரசுகிற இலையின் வாசம், ஈரத்தின் வாசம். பெட்டிக்குள்ளோ எல்லாம் காய்ந்து கிடந்தது.

உள்ளே விரித்த சிவப்பு வெல்வெட்டின் ஒரு மூலை பசை விட்டு எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், அடியில் ஏதோ நெருடியது. இழுத்தால், விரல் நீளத்துக்கு மடித்து நாரால் கட்டிய ஒரு காய்ந்த இலைப் பொட்டலம். ஏல இலை. நான் வைக்கவில்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த மலையிலிருந்து எதுவும் நம் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு வருஷமாக ஜெபித்தவன் நான். அது வந்து, பீரோவின் மேல் இத்தனை நாள் இருந்திருக்கிறது.

பிரிக்கத் துணிவு வரவில்லை. இந்தக் காகிதத்துக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்லாமல் விட்டதை எழுதிவிட்டுப் பிறகு பிரிப்பேன். நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இனியும் தள்ளிப்போட எனக்கு வயதில்லை.

வழக்கம்போல முதலில் தலைப்புகளை எழுதிக்கொள்கிறேன். “சோறு போடுன்னு கேக்குறதுக்கும் மூணு தலைப்புச் சொல்லுவாக இந்த மனுசன்” என்று நம் மகளிடம் சொல்லிச் சிரிப்பாயே. இந்தத் தடவை நான்கு.

1. சலோமியின் கையை நான் கடந்துபோனது.
2. அவள் இறந்தபின் மலையில் எனக்குச் சொல்லப்பட்டது.
3. அதன்பிறகு திருவிருந்தில் ஒரு கை கூடுதலாக வந்தது.
4. மூன்றாவதைப் பற்றி நீ ஒன்றும் அறியாமலே போய்விட்டாய், மறைத்தவன் நான்.

சலோமி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும்.

போடிச் சபைக்கு என்னை மாற்றிய இரண்டாம் வருஷம் அது. போடிமெட்டுக்கு அப்பால் இருந்த அந்த எஸ்டேட்டில் நம் சபைக்காரர்கள் பதினைந்து குடும்பம். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, இங்கே காலை ஆராதனையை முடித்துவிட்டு சீனியின் ஜீப்பில் ஏறுவோம். ஆள் ஏற்றிய ஜீப்பில் முன்சீட்டில் நாம் இரண்டு பேர். என் மடியில் இந்தப் பெட்டி. உன் மடியில் அப்பம் வைத்த எவர்சில்வர் சம்படம். ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். “நீங்க கண்ண மூடுனா ஜீப்பு தன்னால திரும்பிருமா?” என்பாய்.

திருவிருந்து எடுக்கிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும் என்பது சபை வழக்கம். வெள்ளிக்கிழமை இறங்குகிற ஜீப்பில் அங்கே ஜெபம் நடத்தும் எஸ்டேட் உபதேசியார் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தனுப்புவார். சனிக்கிழமை நீ அப்பம் சுட்டு, பெயருக்கு ஒரு துண்டாக வெட்டுவாய். எப்போதும் இருபத்திரண்டு பெயர். உனக்கும் எனக்கும் சேர்த்து இருபத்து நான்கு துண்டு. எனக்கு அந்த எண் பிடிக்கும். இரண்டு பந்தியாகச் சரிபாதி வரும்.

அங்கே கோயில் கிடையாது. ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரின் முன்கூடத்தில் சாக்குகளை விரித்து மண்டியிடுவார்கள். பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை கட்டி, முகம் மறைய முக்காடு இழுத்திருப்பார்கள். சீசனில் பக்கத்து அறையில் அடுப்பு எரியும். தகரக் குழாய்கள் வழியாகச் சூடு ஓடுகிற சத்தம் என் பிரசங்கத்துக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். அடுப்புக்கு விறகு போடுகிறவர் கருப்பையா. அவர் நம் சபை இல்லை. அவரோடுதான் சலோமி தொழிலாளர் லயத்தில், ஒரே வீட்டில் இருந்தாள்.

அவள் புருஷன் கேரளாப் பக்கம் மரவேலைக்குப் போய் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. செத்துப்போனான் என்று சிலர், அங்கே வேறு குடும்பம் என்று சிலர். அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவளுக்கு இன்னொரு கலியாணம் முடித்து வைக்க என்னால் முடியாது. கலியாணம் முடிக்காமல் ஒருவனோடு இருப்பவளுக்குத் திருவிருந்து கொடுக்கவும் முடியாது. விசாரித்து மேலதிகாரிகளுக்கு எழுதுகிறேன், அதுவரை பெயர் கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு. முதல் பந்தியில் எட்டாவதோ ஒன்பதாவதோ. வலது கையை இடது கையின் மேல் வைத்து எல்லாரையும்போல நீட்டியிருந்தாள். ரேகைகளில் மண் ஏறிய கை. யார் என்று பார்க்க நிமிர்ந்தேன். முக்காட்டை ஒதுக்கி அவளும் என்னைப் பார்த்தாள். பெயர் கொடுக்காதவள். என் விரல்களில் அடுத்த துண்டு இருந்தது. நான் ஓர் அடி நகர்ந்து அடுத்தவர் கையில் வைத்தேன்.

எவ்வளவு சின்ன அசைவு. ஓர் அடி.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவள் விறகு அடுக்கின் பக்கம் நின்றாள். கை நீட்டியபடியே இருந்தது.

“அய்யா, நீட்டுனது நீட்டுனதுதான். நீங்க குடுக்குற வரைக்கும் மடக்க மாட்டேன்” என்றாள். கோபம் இல்லை; சிரித்த முகம்தான்.

கருப்பையா விறகைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தார். “அந்தக் கையோடயா நாளைக்குக் களை எடுக்கப் போற? ஒத்தக் கைக்கு அரைச் சம்பளந்தான் போடுவாக.”

“நீ சும்மா இரு. உன்னாலதான் எனக்கு இந்தச் சோலியெல்லாம்.”

அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன் என்று நினைக்கிறேன். இறக்கத்தில், அடிவாரத்து முந்தல் சாவடிக்குப் பக்கத்தில் வந்தபோது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாய்: “மாவு பிசைஞ்சது நானு. என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?”

விசாரித்துக் கடிதம் எழுதியதாக உன்னிடம் சொன்னேன். எழுதினேன், மூன்று பிரதி. ஒன்றில் மரியாதை குறைவாகப் பட்டது. ஒன்றில் குற்றம் சாட்டுவதுபோல் இருந்தது. மூன்றாவதை இன்னொரு முறை படித்துப் பார்த்து அனுப்பலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. பதில் வரவில்லையா என்று நீ கேட்டபோதெல்லாம், வரவில்லை என்றேன். அது பொய் இல்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஜூனிலும் ஜூலையிலும் மழை. மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. ஆகஸ்டு இரண்டாம் ஞாயிறுதான் மறுபடி ஏறினோம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மேலே போகப்போக மஞ்சு மூட்டமாக இறங்கி, ஜீப்பின் மூக்கே தெரியாமல் போயிற்று. மெட்டுக்கு நாலைந்து வளைவு கீழே, அதிசயமாக அன்று என் கண் திறந்திருந்தது. ரோட்டோரத்தில் வெள்ளையாக யாரோ நின்றார்கள். ஜீப்பை நிறுத்துகிறவர்கள் கையை ஆட்டுவார்கள். இந்தக் கை ஆடவில்லை. உள்ளங்கை மேல்நோக்கி, நீட்டியபடி நின்றது.

“அண்ணே, ஒரு ஆளு கை காட்டுது. நிறுத்துங்க” என்றாய் நீ.

சீனி வேகத்தைக் குறைத்தார். “எங்கம்மா? ஆளும் இல்ல, பேரும் இல்ல. மஞ்சும்மா அது.”

நீ என் பக்கம் திரும்பினாய். நான் பார்த்திருந்தேன். இருந்தும், “மஞ்சுதான்” என்றேன். ஜீப் கடந்துபோயிற்று. இரண்டாம் முறையாக.

அப்போது நமக்கு எதுவும் தெரியாது. ஸ்டோர் வாசலில் இறங்கியபோது கருப்பையா விறகு அடுக்கின் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“சலோமி போயிருச்சுங்கய்யா. ஒரு மாசம் ஆச்சு. காத்துல நெழல் மரத்துக் கொப்பு முறிஞ்சு மேல விழுந்துருச்சு. ரோடு இல்ல, உங்களுக்கு எப்படிச் சொல்லியனுப்ப? உபதேசியாரு செபம் பண்ணி அடக்கம் பண்ணிட்டாரு.”

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

“கையி மடங்கலய்யா.”

“எந்தக் கை?”

“எந்தக் கைன்னு உங்களுக்குத் தெரியாதா? வெந்நி ஊத்தித் தேச்சோம். வெரல ஒவ்வொண்ணா மடக்குனா ஒவ்வொண்ணா விரியுது. பெட்டி மூடி இடிக்குது. கடைசியில ஒருக்களிச்சுப் படுக்க வச்சுத்தான் மூடுனோம்.” தன் கையை நீட்டிக் காட்டினார். அடுப்புக் கரி படிந்த கை. “இப்படியேதான் உள்ள இருக்கு.”

நீ முக்காட்டை இழுத்துக்கொண்டு இரண்டு பெண்களோடு செடிகளுக்குள் இறங்கிப் போனாய். கால் கழுவப் போகிறாய் என்று நினைத்தேன். நான் உள்ளே போய் மேசையை விரித்தேன். பாத்திரங்களை இடம் பார்த்து வைப்பது எனக்கு எப்போதும் நிம்மதி தரும் வேலை. அன்று கிண்ணத்தை மூன்று முறை நகர்த்தினேன்.

இனி மூன்றாவது. இதைத்தான் உனக்குச் சொன்னதில்லை.

மே மாதத்துக்குப் பிறகு நான் திருவிருந்தில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நிமிர்ந்தால்தானே யார் என்று தெரியும்? கைகளை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டே போவேன். அது பணிவு என்று சபையார் எண்ணினார்கள். பயம் என்பது எனக்குத் தெரியும். அன்று முதல் பந்தியில் கைகள் வந்தன. காய் எடுப்பு தொடங்கியிருந்ததால் எல்லா விரல்களிலும் கறுப்புக் கறை. அடுப்புச் சூட்டில் எல்லாக் கைகளும் வெதுவெதுப்பாக இருந்தன. பெண்கள் வரிசையின் கடைசியில் ஒரு கை மட்டும் சில்லென்று இருந்தது.

துண்டை வைக்கும்போது என் விரல் நுனி அதில் பட்டது. மழையில் கிடந்த கல்லைத் தொட்டதுபோல. உள்ளங்கை நனைந்திருந்தது, கறை இல்லை. விரல் இடுக்கில் ஒரு பச்சை நார் ஒட்டியிருந்தது. மண்ணும் இலையும் கலந்த வாசம். சேலை முந்தி மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. நான் நிமிரவில்லை. அடுத்த கைக்கு நகர்ந்தேன். அதில் கறை இருந்தது, சூடு இருந்தது, உயிர் இருந்தது.

இரண்டாம் பந்தியின் கடைசியில் எப்போதும் நீ. வந்தவர்களுக்கு முதலில், வீட்டுக்காரிக்குக் கடைசியில் என்பது உன் கணக்கு. நீட்டிய உன் கையின் முன்னால் வந்து நின்றபோது தட்டில் ஒன்றும் இல்லை. நீ மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டாய். பிறகு வெளியே வந்து, “பரவால்ல, விடுங்க. ஒருநா இல்லாட்டி என்ன” என்றாய்.

வீட்டில் வெட்டும்போது எண்ணிக்கை தவறியிருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். செப்டம்பரிலும் அதே ஈரக் கை. அதே வெறும் தட்டு. ஜீப்பிலிருந்து இறங்கியதும் உன்னிடம் கடுமையாகப் பேசினேன், நினைவிருக்கிறதா? “ஒன்று குறைத்து வெட்டியிருக்கிறாய்” என்றேன்.

“அப்ப நீங்களே வெட்டுங்க. அடிக்கோல் கொண்டாரட்டுமா?” என்றாய். நீ கேலியாகத்தான் கேட்டாய். அக்டோபரில் நான் உண்மையாகவே அடிக்கோல் வைத்து, அரை அங்குலத்துக்கு அரை அங்குலம், இருபத்து நான்கு துண்டு வெட்டினேன். வீட்டில் இரண்டு முறை எண்ணினேன். மலையில், ஆராதனைக்கு முன் தட்டில் ஒரு முறை. கூடத்தில் தலைகளையும் எண்ணினேன். நம்மைச் சேர்த்து இருபத்து நான்கு. ஆனாலும் கடைசியில் உனக்கு இல்லை. அப்பம் பெருகிய கதையை வருஷம் தவறாமல் பிரசங்கித்திருக்கிறேன். எண்ணி வைத்த அப்பம் குறைந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் வருகிறாள். சொன்னபடி நீட்டிக்கொண்டு வருகிறாள். மேலதிகாரிகளுக்கு எழுத நினைத்தேன். பாதி எழுதிக் கிழித்தேன். என் படிப்புக்கு இது பொருந்தாது. ஆவியாய் அலைவது என்பது நம் போதனையில் இல்லை என்று எத்தனையோ வீடுகளில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்த ஈரக் கை என் முன்னால் வந்தபோது, இன்னொரு முறை கடந்துபோக எனக்குத் தைரியம் இல்லை. கொடுத்தேன். அன்பினால் கொடுத்தேன் என்று சொல்ல ஆசை. பயத்தினால் கொடுத்தேன். ஊழியத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் பயத்தினால் செய்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஜனவரியில் உனக்கு மஞ்சள் காமாலை. உன்னை மகளிடம் விட்டுவிட்டுத் தனியாக ஏறினேன். அக்டோபரிலிருந்து வெட்டுவது நான்தானே. உனக்கு வேண்டாமே என்று இருபத்து மூன்று துண்டுதான் வெட்டினேன். அன்று ஈரக் கை வரவில்லை. எல்லாக் கைகளும் சூடாகவே இருந்தன. தட்டு சரியாக முடிந்தது. யாருக்கும் குறையவில்லை. அவள் அடங்கிவிட்டாள், என் கொடுத்தல் ஏற்கப்பட்டது என்று இறக்கம் முழுவதும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, காரணம் எதுவும் சொல்லாமல், “இந்த மாதம் அப்பம் சரியாக இருந்தது, ஒன்றும் குறையவில்லை” என்று மட்டும் உன்னிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். தோள் குலுங்கியது. காய்ச்சல் என்று நினைத்து இன்னொரு போர்வை போர்த்தினேன்.

பிப்ரவரியில் கை மறுபடி வந்தது. மார்ச்சிலும் வந்தது. ஏப்ரலில் நமக்கு மாற்றல் உத்தரவு. கடைசி ஆராதனை என்பதால் மாலை, வாழ்த்து, ஆளாளுக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் என்று நேரமாகிவிட்டது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. “வெரசா ஏறுங்கம்மா, மழை பிடிச்சா ரோடு தாங்காது” என்று சீனி ஆரனை அடித்தார்.

“ஒரு பத்து நிமிசம். செடிக்குள்ள போயிட்டு ஓடியாந்துர்றேன்” என்று கேட்டாய்.

“முடியாது, ஏறு” என்றேன். உன்னிடம் நான் குரல் உயர்த்திய நாட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். நீ ஏறினாய். வழி நெடுக உன் வலது கை மடியில் மூடியே இருந்தது. வளைவுகளுக்கு இப்போது நீயும் பயப்படத் தொடங்கிவிட்டாய் என்று நினைத்து, எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல்கூட உண்டாயிற்று.

நான்காவதுக்கு அதிகம் எழுத ஒன்றும் இல்லை. உன்னிடம் சொல்லாததற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். நீ பயந்துவிடுவாய். உன் பங்கு அப்பம் ஒரு செத்தவளுக்குப் போகிறது என்று தெரிந்தால் மனம் நோவாய். உண்மையில், சொன்னால் அனுப்பாத கடிதத்தையும் சொல்ல வேண்டிவரும் என்பதுதான் காரணம். அதன்பிறகு எத்தனையோ சபைகள் மாறினோம். மகளுக்குப் போடியிலேயே வேலை கிடைத்து நாமும் இங்கேயே வந்து சேர்ந்தோம். முன்வாசலில் நின்றால் மலை தெரியும். நான் பின்வாசலில் நாற்காலி போட்டுக்கொள்வேன். “அந்த மலை உங்கள என்ன செஞ்சுச்சு?” என்று ஒருமுறை கேட்டாய். வெயில் என்றேன்.

கடைசி வாரத்தில், மூச்சுக்கு நடுவே, “அந்தப் பெட்டிய யாருக்கும் குடுத்துறாதீக” என்றாய். பக்தி என்று எடுத்துக்கொண்டேன். “மேல ஒருவாட்டி போயிட்டு வந்துருக்கலாம்” என்றும் சொன்னாய். மருந்து மயக்கம் என்று எடுத்துக்கொண்டேன். உன்னைக் கிடத்தியபோது நான் உன் கைகளைப் பார்க்கவே பயந்தேன், தெரியுமா? மகள்தான் மடக்கி வைத்தாள். அது தானாக மடங்கியது.

இவ்வளவும் எழுதி முடித்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தேன்.

நார் தொட்டதும் பொடிந்துவிட்டது. இலை உடையாமல் மெதுவாக விரித்தேன். உள்ளே கல்லாகக் காய்ந்த ஒரு துண்டு. எதனுடைய எலும்போ என்றுதான் முதலில் மனம் போயிற்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாலு பக்கமும் நேராக இருந்தது. அடிக்கோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். அரை அங்குலத்துக்கு அரை அங்குலம்.

நான் வெட்டிய துண்டு.

ஆகஸ்டு மாதம் நீ செடிகளுக்குள் இறங்கிப் போனாயே, கால் கழுவ இல்லை. அவளைப் புதைத்த இடத்துக்கு. மழையில் நனைந்த செடியிலிருந்து இலையும் நாரும் கிழித்தாய். ஈரக் கையோடு வந்து முதல் பந்தியில், பெண்கள் வரிசையின் கடைசியில், வெள்ளைச் சேலைகளில் ஒரு சேலையாக மண்டியிட்டாய். அவள் நீட்டிய கையை நீ நீட்டினாய். வாயருகே கொண்டுபோய், வாங்கியதைத் தின்னாமல் மடித்துக்கொண்டாய். பிறகு இரண்டாம் பந்தியில் உன் இடத்தில் வந்து, தட்டு வெறுமையாயிருக்கும் என்று தெரிந்தே கையை நீட்டினாய். உனக்கென்று ஒரு துண்டு அதிகம் எடுக்கவில்லை. அவளுக்குக் கொடுத்தது உன் பங்கு. ஒவ்வொரு மாதமும் செடிக்குள் ஓடிப்போய் அவள் கையிருந்த இடத்தில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாய். கடைசி மாதம் மட்டும் நான் விடவில்லை. மூடிய கையில் போடி வரைக்கும் கொண்டுவந்து, இந்தப் பெட்டிக்குள் ஒளித்தாய்.

பக்கத்தில் மண்டியிட்ட பெண்களுக்குத் தெரிந்திருக்கும். உபதேசியாருக்குத் தெரிந்திருக்கும். அடுப்பறைக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கருப்பையாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். மலை முழுக்க அறிந்த ஒன்றுக்கு நான் ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஜனவரியில், அப்பம் குறையவில்லை என்று நான் சந்தோஷப்பட்டபோது, அவளுக்கு அந்த மாதம் இல்லை என்று நீ அழுதிருக்கிறாய். முப்பத்தெட்டு வருஷம் உன் கையால் சாப்பிட்டவன். அந்தக் கை என் விரலில் எட்டு முறை பட்டது. எனக்குத் தெரியவில்லை.

சபை ஒழுங்குப்படி நீ செய்தது தவறு. எத்தனை தவறு என்று என்னால் வரிசைப்படுத்தவும் முடியும். அதை எழுத உட்கார்ந்தால், “மாவு பிசைஞ்சது நானு” என்ற குரல் கேட்கிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. அந்த வளைவில் நின்றது யார்? அப்போது நீ என் பக்கத்தில் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தாய். நீயும் பார்த்தாய்; நானும் பார்த்தேன். நீ போகும்வரை அதைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவில்லை.

நாளைக்குப் போதகரிடம் பெட்டியைக் கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கழித்துத் தருகிறேன் என்று சொல்லப்போகிறேன். சீனியின் மகன் இப்போது ஜீப் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போக முன்சீட்டு சொல்லிவைத்திருக்கிறேன். இலை உடைந்துவிடும் என்பதால் துண்டை உன் எவர்சில்வர் சம்படத்தில் எடுத்துவைத்தேன். இருபத்து நான்காவது துண்டு, பன்னிரண்டு வருஷம் தாமதமாக. இந்தத் தடவை வளைவுகளில் கண்ணை மூட மாட்டேன். மஞ்சில் யார் கையை நீட்டி நின்றாலும் நிறுத்தச் சொல்வேன்.

தலைப்புகளை மறுபடி படித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் நடந்தபடியே எழுதியிருக்கிறேன். மூன்றாவதும் சரிதான், ஒரு கை கூடுதலாக வந்தது. நான்காவதை அடிக்கவில்லை, பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதியிருக்கிறேன். நீ அறிந்துதான் போனாய். அறியாமல் இருந்தவன் நான்.